அண்டை நாடுகளின் டெண்டர் அனுபவம்: சென்னைக்கு எது பொருந்தும், எது பொருந்தாது?

மழைநீர் வடிகால் கட்டுவது, தெருவுக்குத் தார் போடுவது, அரசு மருத்துவமனைக்கு மாத்திரை வாங்குவது, பள்ளிக்கு மேசை வாங்குவது, குப்பை அள்ள ஆள் அமர்த்துவது என்று அரசு தன் பணத்தில் வெளியாரிடம் பெறும் பொருள், வேலை, சேவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் அரசுக் கொள்முதல். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'டெண்டர்' என்று சொல்லிவிடுகிறோம். டெண்டர் அதில் நடுவில் வரும் ஒரு கட்டம்தான். தேவையை முடிவு செய்வது, எஸ்டிமேட் போடுவது, நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் வாங்குவது ஆகியவை அதற்கு முன்னே நடக்கும். பிறகு அறிவிப்பு, இரண்டு கவரில் விலைப்புள்ளி, முதல் கவரில் தகுதி பார்ப்பது, தேறியவர்களின் விலைக் கவரைத் திறப்பது, குறைந்த விலைக்காரரை, அதாவது எல்-1-ஐ, ஏற்பது. அதன்பின் ஒப்பந்தம், பணி ஆணை, எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) அளவு பதிவது, முடிந்த பகுதிக்கான பார்ட் பில், இறுதி பில், பழுதுக்குப் பொறுப்பேற்கும் காலம்.

பணம் கசிவது இந்த வரிசையின் இரு முனைகளிலும்தான் அதிகம். எஸ்டிமேட்டிலும் தகுதி நிபந்தனையிலும் முன்பக்கக் கசிவு. எம்-புக்கிலும் கூடுதல் அளவுகளிலும் பின்பக்கக் கசிவு. எல்லோருடைய கண்ணும் நடுவில் இருக்கும் விலைக் கவர்மேல் இருப்பதால் அந்தக் கட்டம் ஒப்பீட்டளவில் சுத்தமாகவே நடந்துவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கென ஒரு சட்டம் உண்டு: 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். அதன் விதிகள் 2000-இல் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு அறிவிப்பிலிருந்து கடைசித் தேதி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் தர வேண்டும். இதைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி எழுத்தில் காரணம் பதிய வேண்டும். விலை பேசுவதென்றால் எல்-1-இடம் மட்டுமே பேசலாம். ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்ட விவரமும் மற்றவை நிராகரிக்கப்பட்ட காரணமும் அரசின் டெண்டர் அறிவிப்பு இதழான டெண்டர் புல்லட்டினுக்குப் போக வேண்டும். பாதிக்கப்பட்டவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். மத்திய அரசுக்கு இப்படியொரு சட்டம் இன்றும் இல்லை. 2012-இல் கொண்டுவரப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதா மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியாகிவிட்டது. 2017-இன் பொது நிதி விதிகளை வைத்தே மத்தியத் துறைகள் வாங்குகின்றன. ஆகவே சட்டமே இல்லை என்ற குறை நமக்குப் பொருந்தாது. இருக்கும் சட்டத்தின் சந்துகளை யார் எப்படி அடைத்தார்கள் என்று பார்ப்பதே நமக்குப் பயன்படும்.

ஏன் பக்கத்து நாடுகள்?

கொள்முதல் சீர்திருத்தம் என்றதும் தென் கொரியாவின் மின்கொள்முதல் தளத்தை உதாரணம் காட்டுவது வழக்கம். நல்ல தளம்தான். ஆனால் அங்குள்ள ஒப்பந்தக்காரர், வங்கி, நீதிமன்றம், பொறியாளர் எல்லாமே வேறு. வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் பொதுப்பணித்துறையும் நம்முடையதும் ஒரே பிரிட்டிஷ் கையேட்டிலிருந்து கிளைத்தவை. விலைவிகிதப் பட்டியல், விலை போடும்போது கட்டும் வைப்புத்தொகை, அளவுப் புத்தகம், செயற்பொறியாளர் என்ற பதவி எல்லாம் அங்கும் உண்டு. நேபாளத்தின் அலுவலக நடைமுறையும் பெரிதும் இதே சாயல்தான். அதனால் நோயும் ஒன்றாக இருக்கிறது: கூட்டுச் சேர்ந்து விலை போடுவது, உள்ளூர் ஆள் மட்டும் தேறும்படி நிபந்தனை எழுதுவது, அடிமாட்டு விலைக்கு எடுத்துவிட்டு வேலையைப் பாதியில் விடுவது. நோய் ஒன்றாக இருக்கும்போது பக்கத்து ஊர்க்காரர் சாப்பிட்ட மருந்து வேலை செய்ததா, பக்கவிளைவு என்ன என்று கேட்பதில் பொருள் உண்டு.

தெற்காசிய நாடுகளின் கொள்முதல் தலைமை அலுவலர்கள் மாநாடு கூட்டிச் சந்திப்பதும் உண்டு. அத்தகைய மாநாடுகளில் பெரும்பாலும் சாதனைகள்தான் பேசப்படும். தோல்விகள் சட்டத் திருத்தங்களில் பதிவாகியிருக்கும். ஒரு நாடு தன் கொள்முதல் விதியில் எந்த வரியைச் சேர்த்தது, எந்த ஆண்டு அதே வரியை அடித்தது என்று பார்த்தால் போதும். அறிக்கையில் எழுதாததெல்லாம் அதில் இருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கண்ணோடு படிக்கலாம்.

வங்கதேசம்: பெட்டியைப் பறித்த காலமும் அதற்குப் பிறகும்

வங்கதேசத்தில் 'டெண்டர்பாஜி' என்றொரு சொல் புழக்கத்தில் உண்டு. அலுவலக வாசலில் ஆட்களை நிறுத்தி, வேறு யாரும் டெண்டர் பெட்டியில் கவர் போடாமல் தடுப்பது, போட வந்தவரிடம் கவரைப் பிடுங்குவது எல்லாம் அதில் அடங்கும். நம்மூர்ப் பழைய ஒப்பந்தக்காரர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத காட்சி. அந்த நாடு 2006-இல் கொள்முதல் சட்டமும் 2008-இல் விதிகளும் கொண்டுவந்து, 2011-இல் இ-ஜிபி என்ற மின்கொள்முதல் தளத்தைத் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் எந்த ஊரில் இருந்தும் விலை போடலாம். வைப்புத்தொகையை ஏதாவதொரு உறுப்பு வங்கிக் கிளையில் கட்டினால் வங்கியே தளத்தில் பதிந்துவிடும். எனவே அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டிய காரணம் எதுவும் மிச்சமில்லை.

கடைசி வரியை நாம் கவனிக்க வேண்டும். நம்மிடமும் இணையவழி டெண்டர் தளம் இருக்கிறது, டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அப்படியிருந்தும், வேலை நடக்கும் இடத்தைப் பார்த்ததாகப் பொறியாளரிடம் சான்று வாங்கி வா, தார்க்கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் இருப்பதாகக் கோட்ட அலுவலகத்தில் சான்று வாங்கி வா, டிடியின் அசலைக் கடைசித் தேதிக்குமுன் நேரில் கொடு என்று ஒரு நிபந்தனை எங்காவது நுழைந்துவிட்டால் போதும். யார் யார் விலை போடப் போகிறார்கள் என்ற பட்டியல் அலுவலகத்திலிருந்து வெளியே போய்விடும். பட்டியல் தெரிந்தால் பேசி முடிப்பது எளிது. இணையத்தில் இரகசியமாக இருப்பது மேசையில் அம்பலமாகிறது. ஒரு டெண்டர் ஆவணத்தைச் சோதிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: கடைசித் தேதிக்குமுன் ஒப்பந்தக்காரர் எந்த அலுவலரையாவது நேரில் பார்த்தே ஆக வேண்டிய நிபந்தனை ஏதும் இதில் இருக்கிறதா? இருந்தால் அது மின் டெண்டர் ஆகாது. இடம் பார்ப்பது தேவையான வேலைதான். அதற்கு 'இடத்தைப் பார்த்துவிட்டேன்' என்று ஒப்பந்தக்காரரே தரும் உறுதிமொழி போதும்.

வங்கதேசத் தளத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு நல்ல அம்சம், ஆண்டுக் கொள்முதல் திட்டம். ஒரு வேலை அந்த ஆண்டின் திட்டத்தில் பதிவாகி ஒப்புதல் பெற்றிருந்தால்தான் தளத்தில் அதற்கு டெண்டரே உருவாக்க முடியும். சென்னையின் வடிகால் வேலைகளுக்கு இதன் பொருள் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வேலை செப்டம்பர் 30-க்குள் முடிய வேண்டும். நான்கு மாத வேலை என்றால் ஜூன் 1-இல் தொடங்க வேண்டும். டெண்டர் கிடைத்தவர் வேலையை முடிப்பதற்கு ஈடாகக் காப்புத்தொகை கட்டி ஒப்பந்தம் போட 15 நாள் என்றால் மே நடுவில் ஏற்பு. மதிப்பீட்டுக்கு ஒரு மாதம் என்றால் ஏப்ரல் நடுவில் கவர் திறப்பு. சட்டப்படியான 30 நாள் அறிவிப்புக்கு மார்ச் நடுவில் டெண்டர் வெளியாக வேண்டும். எஸ்டிமேட்டும் ஒப்புதலும் அதற்கு முன்னால். ஜூனில் அறிவிப்பு வந்தால் 'மழைக்குமுன் முடிக்க வேண்டும், அவசரம்' என்று காரணம் எழுதிக் கால அவகாசத்தைக் குறைக்க வழி திறந்துவிடும். குறுகிய அவகாசத்தில் விலை போடக்கூடியவர், விஷயம் முன்பே தெரிந்தவர் மட்டுமே. அவசரம் எப்போதும் வானத்திலிருந்து வருவதில்லை. பிப்ரவரியில் தூங்கிய கோப்பிலிருந்தும் வரும். நேபாளச் சட்டமும் ஆண்டுத் திட்டத்தைக் கேட்கிறது. ஆனால் சட்டத்தில் எழுதுவதும் தளமே பூட்டிவிடுவதும் ஒன்றல்ல. வங்கதேச வழியில் கைவைத்து மீறுவது கடினம்.

இனி அதே நாட்டின் தோல்வி. அடிமாட்டு விலையைத் தடுக்க அவர்கள் ஒரு வரம்பு வைத்தார்கள். 2016-இன் சட்டத் திருத்தத்தின்படி, உள்நாட்டு வேலைகளுக்கான திறந்த டெண்டரில் அரசு எஸ்டிமேட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் விலைப்புள்ளி தள்ளப்படும். கேட்க நியாயமாக இருக்கிறது. நடந்தது வேறு. எஸ்டிமேட் இரகசியம் என்றாலும் கசிந்தது. கசியாவிட்டாலும் விலைவிகிதப் பட்டியலை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். 1 கோடி எஸ்டிமேட் என்றால் எல்லோரும் சரியாக 90 லட்சம் போட்டார்கள். எல்லோரும் எல்-1. யாருக்குக் கொடுப்பது? முந்தைய வேலை அனுபவத்துக்கு மதிப்பெண் போட்டு முடிவு செய்தார்கள். நிறைய வேலை செய்தவருக்கே அடுத்த வேலையும் போனது. அதனால் அவர் மதிப்பெண் இன்னும் ஏறியது. புதியவர் உள்ளே வரவே வழியில்லை. விலைப்போட்டியைக் காக்க வந்த விதி விலைப்போட்டியையே ஒழித்துவிட்டது. 2025-இல் இந்த 10 சதவீத வரம்பை நீக்கினார்கள்.

சென்னையில் இந்த விதியைக் கொண்டுவந்தால் இன்னும் வேகமாகக் கெடும். இங்கே டெண்டர் மதிப்பு பெரும்பாலும் அறிவிப்பிலேயே இருக்கிறது. கசிய வேண்டிய அவசியம்கூட இல்லை. முன்மாதிரி வேண்டுமா, மத்திய அரசின் இணையக் கொள்முதல் சந்தையான ஜெம் தளத்தைப் பாருங்கள். ஆள் அமர்த்தும் சேவைகளில் குறைந்தபட்ச சேவைக் கட்டணம் 3.85 சதவீதம் என்று வைத்தபின் பலரும் அதே எண்ணைப் போட்டுச் சமனில் நிற்பதும், யாரைத் தேர்வது என்று தளம் திணறுவதும் அங்கே வாடிக்கை. தரை போட்டால் எல்லோரும் தரையிலேயே உட்காருவார்கள்.

நேபாளம்: குறைந்த விலைக்குக் கூடுதல் பிணை

அடிமாட்டு விலைக்கு நேபாளம் கண்ட வழி வேறு. யாரையும் தள்ளுவதில்லை, குறைத்துப் போடுபவர் அதிகக் காப்புத்தொகை கட்ட வேண்டும். எஸ்டிமேட்டிலிருந்து 15 சதவீதம் வரை குறைத்தால் வழக்கமான 5 சதவீதக் காப்பு. அதற்கும் கீழே போனால், எஸ்டிமேட்டின் 85 சதவீதத்துக்கும் போட்ட விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

1 கோடி எஸ்டிமேட்டை வைத்துப் பார்ப்போம். 90 லட்சம் போட்டவர் 4.5 லட்சம் காப்பு கட்டினால் போதும். 70 லட்சம் போட்டவருக்கு: 85-இல் 70 போக 15 லட்சம், அதில் பாதி 7.5 லட்சம், 70 லட்சத்தின் 5 சதவீதம் 3.5 லட்சம், ஆக மொத்தம் 11 லட்சம். உண்மையாகவே 70 லட்சத்தில் முடிக்கக்கூடிய இயந்திரமும் ஆளும் இருப்பவர் கட்டிவிட்டு வேலையை முடித்துத் திரும்ப வாங்கிக்கொள்வார். முதல் பில்லை மட்டும் வாங்கிக்கொண்டு ஓட நினைப்பவருக்கு 11 லட்சம் சிக்கிக்கொள்ளும். விலைப்போட்டி சாகவில்லை, விளையாட்டு மட்டும் நின்றது. தமிழ்நாட்டில் கூடுதல் காப்புத்தொகை கேட்கும் வழக்கம் புதிதல்ல. அதனால் சட்டத்தைத் தொடாமல் சீர்செய்யக்கூடிய இடம் இது.

என்ன கெடும்? மூன்று விஷயம். முதலாவது, எஸ்டிமேட். நியாயமாக 1 கோடி ஆகும் வேலைக்கு 1.25 கோடி எஸ்டிமேட் போட்டிருந்தால், 95 லட்சத்துக்கு நேர்மையாகக் கேட்பவர்கூட மாட்டிக்கொள்வார்: 1.25 கோடியின் 85 சதவீதம் 1.0625 கோடி, வித்தியாசத்தில் பாதி 5.625 லட்சம், 95 லட்சத்தின் 5 சதவீதம் 4.75 லட்சம், மொத்தம் 10.375 லட்சம். ஊதிய எஸ்டிமேட் உள்ள அலுவலகத்தில் இந்தச் சூத்திரம் நேர்மையானவரைத் தண்டிக்கும். அலுவலகத்தின் எஸ்டிமேட் சந்தை விலைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வங்கி உத்தரவாதம். சிறு ஒப்பந்தக்காரர் வங்கியில் ஈடு வைத்தால்தான் உத்தரவாதம் கிடைக்கும். ஒரு வேலைக்கு 11 லட்சம் முடங்கினால் அடுத்த வேலைக்கு அவரிடம் பணம் இருக்காது. இதற்கு மாற்று, வேலையின் பாதி முடிந்ததும் கூடுதல் காப்பில் ஒரு பங்கை விடுவிப்பது. வேலை நடந்திருக்கும்போது ஓடிப்போகும் ஆசையும் குறைந்திருக்கும். மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் வழக்குக்குப் போவது அதில்தான்: எஸ்டிமேட், விலை இரண்டும் வரி சேர்த்தா, நீக்கியா? எஸ்டிமேட்டில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து விலையில் விட்டுவிட்டால் எல்லா விலையும் 15 சதவீதம் குறைவாகவே தெரியும். டெண்டர் ஆவணத்தில் ஒரே வரியில் எழுதிவிட வேண்டும்.

நேபாளத்தின் கொள்முதல் விதிகள் 2007-க்குப் பிறகு பத்து முறைக்கும் மேல் திருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில, நின்றுபோன வேலைகளின் ஒப்பந்தக்காரர்களுக்குக் கெடு நீட்டிக்க வந்தவை. காப்புத்தொகை எவ்வளவு பெரிதானாலும் அதைப் பறிக்க அலுவலகத்துக்கு மனமில்லாவிட்டால் பயனில்லை என்பது அந்தத் திருத்தங்களில் தெரிகிறது. காப்பைப் பறிமுதல் செய்யக் கையெழுத்திடும் பொறியாளரை யாராவது பாதுகாக்க வேண்டும். இல்லையென்றால் அவர் கெடு நீட்டிப்புக் கடிதத்திலேயே கையெழுத்திடுவார், மனிதர்தானே.

பாகிஸ்தானின் ஒரே ஒரு விதி

இங்கிருந்து எடுக்க வேண்டியது ஒரு விதி மட்டும்: 2004-இன் கொள்முதல் விதிகளில் 35-ஆவது. மதிப்பீட்டு அறிக்கையை, யார் ஏன் ஏற்கப்பட்டார், யார் ஏன் தள்ளப்பட்டார் என்ற காரணத்தோடு, ஒப்பந்தம் தருவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே வெளியிட வேண்டும் என்று அது வந்தபோது சொன்னது.

'முன்பே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் சட்டத்தில் காரணங்கள் வெளிவருவது ஏற்புக்குப் பிறகு. அதற்குள் ஒப்பந்தம் போட்டு, பணி ஆணையும் கொடுத்து, பள்ளமும் தோண்டியாகிவிட்டால், பாதிக்கப்பட்டவர் எங்கே போனாலும் 'வேலை தொடங்கிவிட்டது, நிறுத்தினால் பொதுமக்களுக்கு இடைஞ்சல்' என்ற பதில் காத்திருக்கும். நீதிமன்றங்களும் டெண்டர் முடிவின் சரி தவறை நுணுகி ஆராயத் தயங்கும்; முடிவு எடுத்த முறையில் தன்னிச்சையோ தீய நோக்கமோ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது 1994-இன் டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து வரும் வழக்கம். அதனால் முறையீட்டுக்குப் பல் இருக்க வேண்டுமானால் அது ஒப்பந்தத்துக்குமுன் வர வேண்டும். அவசர வேலைகளில் பத்து நாள் சுமைதான். ஆனால் மேலே போட்ட கணக்கின்படி மார்ச் நடுவில் வர வேண்டிய அறிவிப்பு மார்ச் முதல் வாரத்தில் வந்தால் சுமை தீர்ந்தது.

இந்த விதி கெடும் விதமும் தெரிந்ததே. 'தொழில்நுட்பத் தகுதி இல்லை' என்று ஒற்றை வரியில் காரணம் எழுதி வெளியிட்டால் விதியும் நிறைவேறும், பயனும் இருக்காது. எந்த நிபந்தனை எண், எந்த ஆவணம், என்ன குறை என்று மூன்று பத்தியும் கட்டாயமான படிவம் வேண்டும்.

இலங்கை: ஆணைக்குழு வந்தது, போனது, வந்தது

இலங்கையில் 2006-இன் வழிகாட்டி நெறிகள் நெடுங்காலம் கொள்முதலை நடத்தின. அரசியலமைப்பின் 19-ஆம் திருத்தம் 2015-இல் தேசியக் கொள்முதல் ஆணைக்குழுவை உருவாக்கியது. 2020-இன் 20-ஆம் திருத்தம் அதை ஒழித்தது. 2022-இன் 21-ஆம் திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் பிறந்து, இறந்து, மீண்டும் பிறந்த அமைப்பிடம் திறமையான அலுவலர் குழுவும் பழைய கோப்பின் நினைவும் எப்படி இருக்கும்? ஆணையம் அமைப்பதை இங்கே பலர் முதல் தீர்வாகச் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையின் கருத்து, அது கடைசித் தீர்வாக இருக்கட்டும்.

நெருக்கடிக் காலத்து மருந்துக் கொள்முதல்தான் அங்கிருந்து வரும் கசப்பான பாடம். 2022-இல் அந்நியச் செலாவணி வற்றி, மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வழக்கமான தடைகளைத் தளர்த்தி அவசரமாக வாங்கினார்கள். 2023-இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து மருத்துவமனைகளுக்குப் போனது அம்பலமாகி, கைதுகள் வரை போயிற்று. நம் சட்டத்தின் 16-ஆவது பிரிவிலும் இயற்கைப் பேரிடர், அவசரநிலை, ஒரே விற்பனையாளர் போன்ற விலக்குகள் இருக்கின்றன. விலக்கு தேவையானதே, வெள்ளத்தில் படகு வாங்க 30 நாள் காத்திருக்க முடியாது. விலைப்போட்டிக்குத்தான் விலக்கு, தரச் சோதனைக்கு இல்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

இதில் சென்னையிடமே பாடம் இருக்கிறது. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தைப் பொதுப்பெயரில் வாங்குகிறது. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. தேறிய பின்னரே மருத்துவமனைக்கு விநியோகம். எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்க உரிமை என்பது பாஸ்புக்கில் இருக்கும். பின்னாளில் கேரளமும் (2008) ராஜஸ்தானும் (2011) இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை இயக்கின. ஆய்வகமும் கிடங்கும் கணினிப் பதிவும் சேர்ந்ததுதான் அந்த முறை. கழகத்தைப் பதிவு செய்துவிட்டுக் கிடங்கைக் கட்டாத இடத்தில் பழைய கொள்முதலுக்குப் புதிய பெயர்ப்பலகை மட்டுமே கிடைக்கும்.

கடன் வாங்கும் முறை

ஒரு மண்டல அலுவலகமோ, நகராட்சியோ, வார்டு உறுப்பினரோ இதைச் செய்ய விரும்பினால் சட்டத்திலிருந்து தொடங்கக் கூடாது. தங்களிடம் ஏற்கெனவே முடிந்த கடைசி 50 டெண்டரின் கோப்பை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஆறு எண் எழுத வேண்டும்: எத்தனை நாள் அவகாசம் தரப்பட்டது, எத்தனை பேர் விலை போட்டார்கள், அதில் எத்தனை பேர் முதல் கவரில் தள்ளப்பட்டார்கள், எல்-1 விலை எஸ்டிமேட்டில் எத்தனை சதவீதம், கவர் திறந்து பணி ஆணை வரை எத்தனை நாள், இறுதி பில் ஒப்பந்தத் தொகையைவிட எவ்வளவு கூடியது.

இந்த ஆறும் நோயைக் காட்டிவிடும். இருவர் மட்டுமே விலை போட்டு, எல்-1 எஸ்டிமேட்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் கீழே நின்றால் அங்கே பேசி முடித்திருக்கிறார்கள். நேரில் போகும் நிபந்தனைகளையும் அவகாசத்தையும் பாருங்கள். ஏழெட்டுப் பேர் வந்து ஒருவரைத் தவிர எல்லோரும் முதல் கவரிலேயே விழுந்தால், நிபந்தனை ஒருவருக்காகத் தைக்கப்பட்டிருக்கிறது. காரணத்தை முன்கூட்டி வெளியிடும் விதி அங்கே பயன்படும். எல்-1 30 சதவீதம் கீழே போய், இறுதி பில் மட்டும் எஸ்டிமேட்டைத் தொட்டால், குறைத்தது எல்லாம் எம்-புக் வழியாகத் திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே நேபாளச் சூத்திரம் மட்டும் போதாது. கூடுதல் அளவுகளுக்கு ஒப்புதல் தந்தவர் யார் என்பதைப் பொதுவெளியில் போட வேண்டும். வங்கதேசம் தன் தளத்தை ஒப்பந்த மேலாண்மை வரை நீட்டியது இதற்காகத்தான். நம் தளங்கள் பெரும்பாலும் ஏற்பு ஆணையோடு நின்றுவிடுகின்றன.

அடுத்தது அதிகாரம் யாரிடம் என்பது. நேரில் வாங்கும் சான்றுகளை நீக்குவதும், நிராகரிப்புப் படிவத்தை விரிவாக்குவதும், வரி பற்றிய வரியைச் சேர்ப்பதும் டெண்டர் அழைக்கும் அலுவலகமே தன் ஆவணத்தில் செய்யக்கூடியவை. ஏற்புக்குமுன் 10 நாள் காத்திருப்பைக் கட்டாயமாக்க அரசு விதியைத் திருத்த வேண்டும். அதுவரை ஓர் அலுவலகம் தானாகவே காத்திருப்பதைத் தடுப்பார் இல்லை. 16-ஆவது பிரிவின் விலக்குகளைத் தொட வேண்டுமானால் சட்டமன்றம். இந்த மூன்றையும் கலந்து ஒரே கோப்பில் அனுப்பினால், சட்டமன்றம் வரை போக வேண்டிய ஒன்றுக்காக அலுவலக அளவில் நாளையே முடியக்கூடிய மூன்றும் காத்துக் கிடக்கும்.

சோதனை என்றால் சென்னை மாநகராட்சியின் மண்டலங்களில் இரண்டில் ஓராண்டு, ஒரே வகை வேலைக்கு மட்டும், உதாரணமாக 2 கோடிக்கு உட்பட்ட வடிகால் வேலைக்கு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒத்த வேலை நடக்கும் இன்னும் இரண்டு மண்டலங்களில் அதே ஆறு எண்ணை எழுதி ஒப்பிட வேண்டும். மழைக்குமுன் விட்ட டெண்டர்களை மழைக்குப்பின் விட்டவற்றோடு ஒப்பிட்டால் கணக்குக் கோணும், ஆகவே இரு பக்கமும் ஒரே காலத்து டெண்டர்களாக இருக்கட்டும். வெளியிடும் முடிவில் எல்லோரும் ஒரே விலை போட்ட டெண்டர்கள் எத்தனை என்ற ஏழாவது எண்ணையும் சேர்த்துவிடுங்கள். வங்கதேசத்தின் 10 சதவீத வரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதை முதல் ஆண்டிலேயே காட்டியிருக்கக்கூடிய எண் அது.